நடக்காமல் போன விபத்துகளின் கணக்கு

2023 டிசம்பர் 17ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தைத் தாண்டவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய நேரம் அது. ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் இடையே தண்டவாளத்தின் அடியில் கிடந்த ஜல்லியும் மண்ணும் வெள்ளத்தோடு போய்விட, ஸ்லீப்பர் கட்டைகளைச் சுமந்துகொண்டு தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. பாதை பழுது என்ற தகவல் கிடைத்ததும் ரயில் நிலையத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. ஏறத்தாழ 800 பயணிகளில் 300 பேர் அருகிலிருந்த பள்ளிக்கூடம் ஒன்றுக்குக் கொண்டுபோகப்பட்டனர். மற்றவர்கள் சுற்றிலும் தண்ணீர் சூழ்ந்த நிலையத்திலும் பெட்டிகளிலும் இரண்டு இரவுகள் கிடந்தனர். அக்கம்பக்கத்துக் கிராமத்து மக்கள் தங்கள் வீட்டில் இருந்த அரிசியைப் பொங்கி அவர்களுக்குச் சோறு போட்டனர். 19ஆம் தேதி அவர்கள் மீட்கப்பட்டு வாஞ்சி மணியாச்சி வழியாகச் சிறப்பு ரயிலில் சென்னைக்கு அனுப்பப்பட்டனர்.

அன்றைய செய்திகள் எல்லாம் பயணிகள் தவிப்பு என்றே தலைப்பிட்டன, தவித்தது உண்மைதான். ஆனால் அந்த இரவின் உண்மையான செய்தி ரயில் நிறுத்தப்பட்டது என்பதே என்று நான் நினைக்கிறேன். இருட்டிலும் மழையிலும் எஞ்சினின் முகப்பு விளக்கு எட்டும் தூரம்வரை தண்டவாளம் ஒழுங்காகக் கிடப்பது போலத்தான் தோன்றும்; அதற்குக் கீழே மண் இல்லை என்பது லோகோ பைலட்டின் கண்ணுக்குத் தெரிய வழியே இல்லை. யாரும் சாகாததால், ரயிலும் கவிழாததால், விபத்துகளின் வரிசையில் ஸ்ரீவைகுண்டத்துக்கு இடமில்லை. நம் நாட்டு ரயில் பாதுகாப்பைப் பற்றி எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான். நடந்துவிட்ட விபத்தை எண்ணுவதற்கும் விசாரிப்பதற்கும் இழப்பீடு கொடுப்பதற்கும் விரிவான ஏற்பாடுகள் இருக்கின்றன. மயிரிழையில் தப்பியதை எழுதி வைத்து, அது ஏன் தப்பியது, எங்கே தப்பாமல் போயிருக்கும் என்று எல்லாக் கோட்டங்களுக்கும் பொதுமக்களுக்கும் சொல்வதற்கு அதில் பாதி அக்கறைகூட இல்லை.

மழையும் பாலமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை நம் பக்கத்து மக்கள் அரியலூரில் கண்டார்கள். 1956 நவம்பர் 23 அதிகாலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வந்துகொண்டிருந்த எக்ஸ்பிரஸ் வெள்ளம் பெருகிய மருதையாற்றில் விழுந்து 140 பேருக்கு மேல் இறந்தனர். தென்மாவட்டங்களில் அந்தச் சாவுச் செய்தி போய்ச் சேராத ஊர்கள் குறைவு. அரியலூர் என்றதும் லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியிலிருந்து விலகியதையே எல்லாரும் நினைவுகூர்கிறோம். ஆனால் அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் மெகபூப்நகரில் இதே போலப் பாலம் ஒன்று இடிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர். அப்போதே சாஸ்திரி ராஜினாமா கடிதம் கொடுத்தார். நேரு அதை ஏற்கவில்லை. ஒரே ஆண்டில், ஒரே மாதிரியான காரணத்தால், இரண்டு ரயில்கள் ஆற்றில் விழுந்தன. அரசியல் வரலாற்றில் ராஜினாமா நிலைத்துவிட்டது. முதல் பாலத்தின் பாடம் இரண்டாவது பாலத்துக்கு ஏன் போய்ச் சேரவில்லை என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது.

மழைக்காலத்தில் தண்டவாளத்தின் மீது இரவு முழுக்க ஆள் நடக்கும் வழக்கம் ரயில்வேயில் நெடுங்காலமாக உண்டு. கையில் விளக்கும் வெடியும் வைத்துக்கொண்டு, தன் எல்லை முடியும் இடத்தில் அடுத்த ஆளைச் சந்தித்துப் புத்தகத்தை மாற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். அவர் வந்து சேரவில்லை என்றால் அதுவே ஓர் எச்சரிக்கை. வெடி என்று நான் சொல்வது தண்டவாளத்தின் மேல் வைத்துக் கட்டும் சிறு டப்பாவை. எஞ்சின் சக்கரம் ஏறியதும் அது பெருஞ்சத்தத்தோடு வெடிக்கும், ஓட்டுநர் உடனே நிறுத்திவிட வேண்டும். இவ்வளவு தொழில்நுட்பம் வந்த பின்னும், வெள்ளம் வந்த இரவில் ரயிலைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இப்படி நடந்துபோய்ப் பார்த்த ஒருவரின் சொல்தான்.

சில சமயம் அந்த ஒருவர் ரயில்வே ஊழியராகக்கூட இருப்பதில்லை. 2024 பிப்ரவரி 25ஆம் தேதி நள்ளிரவைத் தாண்டிய நேரத்தில், செங்கோட்டைக்கு அருகே புளியரை மலைச்சாலையின் வளைவில், கேரளாவிலிருந்து ஒட்டுப்பலகை ஏற்றிவந்த லாரி ஒன்று கவிழ்ந்து கீழே இருந்த கொல்லம் பாதையின் தண்டவாளத்தில் விழுந்தது, ஓட்டுநர் இறந்துபோனார். சத்தம் கேட்டு எழுந்த ஒரு வயதான தம்பதியர் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தின் வழியே ஓடி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். முதலமைச்சர் அவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் வழங்கினார். பாராட்டும் பணமும் சரியே. ஆயினும், அந்த வளைவுக்குக் கீழே தண்டவாளம் கிடப்பதும் அங்கே பாரம் ஏற்றிய லாரிகள் இரவெல்லாம் இறங்குவதும் அந்தச் சாலையில் போய்வரும் எவருக்கும் தெரிந்த விஷயங்கள். தம்பதியர் அன்று அயர்ந்து தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை பாராட்டு விழாவோடு முடிந்துவிடக் கூடாது.

இதே கேள்வியைக் கேட்காமல் விட்டதன் விலை என்ன என்பதற்கு ஒடிசாவின் பாகாநாகா பஜாரைவிடக் கொடிய சான்று தேவையில்லை. 2023 ஜூன் 2ஆம் தேதி மாலை, சென்னையை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் நேரே போகப் பச்சை விளக்கு காட்டியது. ரயிலைத் தடம் மாற்றும் பாயின்ட்டோ, வண்டிகள் ஒதுங்கி நிற்கும் லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே இரும்புத்தாது ஏற்றிய சரக்கு ரயில் நின்றது. மோதிய பெட்டிகள் பக்கத்துத் தடத்தில் சரிய, எதிரே கடந்துகொண்டிருந்த யஷ்வந்த்பூர் – ஹவுரா ரயிலின் கடைசிப் பெட்டிகளும் சிக்கின. 290 பேருக்கு மேல் இறந்தனர். ஒரு ரயில்வே கேட்டில் மின்சாரத் தடுப்புக் கம்பம் பொருத்தும் வேலையின்போது வயர்கள் தவறாக இணைக்கப்பட்டதே காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டது. அதற்கும் முன்னே, 2018இல் அதே இடத்தில் செய்த வயரிங் மாற்றம் வரைபடத்திலும் பெயர்ச்சீட்டிலும் சரியாகப் பதியப்படாமல் கிடந்திருக்கிறது. ஐந்து ஆண்டுகளாக அந்தச் சிக்னல் வயர்ப் பெட்டிக்குள் பிழை உட்கார்ந்திருந்தது.

அதைவிட என்னை உறுத்துவது அறிக்கையின் வேறொரு பகுதி. 2022 மே 16ஆம் தேதி, அதே தென்கிழக்கு ரயில்வேயின் காரக்பூர் கோட்டத்தில், பாங்க்ராநயாபாஜ் என்ற நிலையத்தில் இதே போன்ற வயரிங் கோளாறால் சிக்னல் ஒன்று காட்ட, பாதை வேறொன்றாக அமைந்த சம்பவம் நடந்திருக்கிறது. அப்போதே தக்க நடவடிக்கை எடுத்திருந்தால் பாகாநாகா பஜார் விபத்து நடந்திருக்காது என்று ஆணையர் எழுதினார். 2023 பிப்ரவரி 8ஆம் தேதி கர்நாடகத்தின் ஹொசதுர்கா ரோடு நிலையத்திலும் சம்பர்க் கிராந்தி எக்ஸ்பிரஸ் தவறான தடத்துக்குள் நுழையவிருந்ததை ஓட்டுநர் பார்த்து நிறுத்திவிட்டார். மறுநாளே அந்த மண்டலத்தின் தலைமை இயக்க அதிகாரி, சிக்னல் அமைப்பில் கடுமையான குறை இருப்பதாகக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் நாட்டுக்குத் தெரியவந்ததே ஜூன் மாதம், சடலங்களை அடுக்கி வைத்த பிறகுதான். ஹொசதுர்காவில் ஒருவரும் சாகவில்லை. சாகாததாலேயே அது ஒரு கோப்புக்குள் அடங்கிவிட்டது.

2024 ஜூன் 17ஆம் தேதி மேற்கு வங்கத்தின் ரங்காபானிக்கு அருகே காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்னால் சரக்கு ரயில் மோதியதும் இதே கதைதான். அன்று காலை முதல் தானியங்கி சிக்னல்கள் வேலை செய்யவில்லை. ஓட்டுநர்களுக்குக் காகிதத்தில் அனுமதி கொடுக்கப்பட்டது. மோதிய ரயிலையும் மோதப்பட்ட ரயிலையும் தவிர வேறு ஐந்து ரயில்கள் அந்தக் காகிதத்தோடு அதே பகுதியில் நுழைந்து வெவ்வேறு வேகத்தில் போயிருந்தன. எவ்வளவு வேகத்தில் போகலாம் என்பதில் ஓட்டுநர்களுக்குள் ஒருமித்த புரிதலே இல்லை. விசாரணை அறிக்கை அதை நடக்கக் காத்திருந்த விபத்து என்றே குறிப்பிட்டது.

நம் ஊர்ப்பக்கம் சிக்னல் வயரைவிட ரயில்வே கேட்தான் அன்றாடக் கவலை. திருநெல்வேலியின் குலவணிகர்புரம் கேட்டில் நின்று பழகியவர்களுக்குத் தெரியும்: கம்பம் இறங்கத் தொடங்கியதும் பைக்குகள் விரைவதும், இறங்கிய பிறகும் தலையைக் குனிந்து நுழைய ஒருவர் பார்ப்பதும், ஹாரன்களும். கேட் சாலையில் நிற்கும் நமக்குத் தெரியாத வேலை பக்கத்துச் சின்ன அறையில் நடக்கிறது. எனக்கு மாமா முறையாகும் ஒருவர் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலத்தில் அவர் அறையில் உட்கார்ந்து அதை நான் கவனித்திருக்கிறேன். ஸ்டேஷன் மாஸ்டர் போனில் அழைத்து ரயிலின் விவரத்தைச் சொல்வார். மாமா எழுந்துபோய்க் கேட்டை அடைத்துப் பூட்டுவார்; திரும்பி வந்து, மேசையில் இருக்கும் அச்சிட்ட தாளில் அடுத்து வரும் இரட்டை இலக்க எண்ணைப் போனில் வாசிப்பார்; அந்த எண்ணைப் பேனாவால் அடித்துவிட்டு, ரிஜிஸ்டரில் நேரத்தோடு பதிந்துகொள்வார். பிரைவேட் நம்பர் என்று அதற்குப் பெயர். எண்கள் வரிசையாக இருக்காது. ஒரு முறை சொன்ன எண்ணை மறுபடி சொல்ல முடியாது. அந்த எண் கிடைத்தால் கேட் அடைக்கப்பட்டுவிட்டது என்று மறுமுனையில் இருப்பவர் எடுத்துக்கொள்வார்.

“நம்பரைச் சொல்லுறதுக்கு முன்னால சாவி நம்ம கையில இருக்கணும் மருமவனே. அங்க கேக்குறவருக்கு நம்ம கேட்டு தெரியாது, நம்ம குரலு மட்டுந்தான் தெரியும்” என்பார் மாமா.

இன்டர்லாக்கிங் செய்யப்பட்ட கேட்டில் கம்பம் இறங்கிப் பூட்டு விழுந்தால் ஒழியச் சிக்னல் பச்சைக்கு வராது; மனிதன் மறந்தாலும் ரயில் நிற்கும். அது இல்லாத கேட்டில் இருப்பது மாமா சொன்ன குரல் மட்டும்தான். 2025 ஜூலை 8ஆம் தேதி கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது விழுப்புரம் – மயிலாடுதுறை பாசஞ்சர் மோதி மூன்று பிள்ளைகள் இறந்த கேட், இன்டர்லாக்கிங் இல்லாத கேட். அடைக்காமலேயே எண் சொல்லப்பட்டதாக முதற்கட்ட விசாரணையில் தெரியவந்ததாகச் செய்திகள் கூறின. கேட் கீப்பர் கைது செய்யப்பட்டார். அவருடைய தவறு சட்டப்படி தண்டிக்கப்படட்டும்; அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், ஒரே மனிதன் ஒரே முறை பொய் சொன்னாலோ கண்ணயர்ந்தாலோ வேன் நிறையப் பிள்ளைகள் பலியாகக்கூடிய ஏற்பாட்டை 2025 வரை வைத்திருந்தது யார் என்ற கேள்வி கைவிலங்கோடு தீர்ந்துவிடாது. ரயில்களின் எண்ணிக்கையை வாகனங்களின் எண்ணிக்கையால் பெருக்கி, அது 20,000ஐத் தாண்டும் கேட்டுக்குத்தான் இன்டர்லாக்கிங் என்று இருந்த வரம்பு அந்த வாரத்தில்தான் 10,000 ஆகக் குறைக்கப்பட்டது. எல்லாக் கேட்டுகளிலும் கேமரா வைக்கவும், போன் பதிவுகளை அதிகாரிகள் நாள்தோறும் எடுத்துக் கேட்டுப் பார்க்கவும் உத்தரவு வந்தது. அடைக்கும் முன்பே எண் சொல்லும் பழக்கம் எங்கெல்லாம் இருக்கிறது என்பது அந்தப் பதிவுகளில் முன்பே கிடைத்திருக்கக் கூடியதுதானே. அகலப்பாதையில் ஆளில்லாக் கேட்டுகள் அனைத்தும் 2019 ஜனவரி இறுதிக்குள் ஒழிக்கப்பட்டன என்பது பெரிய சாதனை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆள் இருக்கும் கேட்டில் அந்த ஆள் தனியாக விடப்பட்டிருக்கிறார் என்பதைத்தான் சொல்கிறேன்.

நெல்லையைத் தொட்டுப்போன இன்னொரு சம்பவமும் உண்டு. 2023 ஆகஸ்ட் 26ஆம் தேதி விடியற்காலையில் மதுரை நிலையத்துக்கு அருகே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தனர். லக்னோவிலிருந்து வந்த யாத்திரிகர்கள். பெட்டிக்குள் சட்டவிரோதமாகக் கொண்டுவந்த எரிவாயு சிலிண்டரால் வந்த தீ. அந்தப் பெட்டி நாகர்கோவிலில் புனலூர் – மதுரை எக்ஸ்பிரஸுடன் சேர்க்கப்பட்டது. அதாவது, அதே நள்ளிரவில் திருநெல்வேலி சந்திப்பைக் கடந்துதான் மதுரைக்குப் போயிருக்கிறது. லக்னோவிலிருந்து மதுரை வரை ஒரு வாரத்துக்கும் மேலாக எத்தனையோ பெரிய நிலையங்களில் நின்ற பெட்டி அது. ஒரு நிலையத்தில்கூட ஒருவரும் உள்ளே ஏறிப் பார்க்கவில்லை என்றால், தனிப் பெட்டி என்று பதிவு செய்துவிட்டால் அது ரயில்வேயின் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது என்றுதான் பொருள்.

அதிகாரபூர்வக் கணக்குக்கு வருகிறேன். 2000–01இல் 473 ஆக இருந்த பெரிய விபத்துகள் 2014–15இல் 135 ஆகவும் 2023–24இல் 40 ஆகவும் குறைந்தன என்கிறது ரயில்வே அமைச்சகம். இந்த இறக்கம் பொய்யில்லை. தண்டவாளம் மாற்றப்பட்டது, வெல்டிங்குகள் அல்ட்ராசானிக் கருவியால் சோதிக்கப்படுகின்றன, மோதினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத எல்.எச்.பி. பெட்டிகள் வந்துவிட்டன. ஆனால் அந்த 40இல் பாகாநாகா பஜாரும் ஒன்று. 290 உயிர்களும் அந்தப் பட்டியலில் ஓர் எண்தான். மேலும், தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டுச் சாகிறவர்கள் இதில் சேர்வதில்லை. அவர்கள் அத்துமீறி நுழைந்தவர்கள். 2012இல் அறிக்கை தந்த அனில் ககோட்கர் குழு, அப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 15,000 பேர் இறக்கிறார்கள், மும்பையில் மட்டும் 6,000 பேர் என்று எழுதி, நாகரிகமான எந்தச் சமூகமும் இதை ஏற்க முடியாது என்றது.

நம் பக்கம் இதில் புதிய ஆபத்து ஒன்று சேர்ந்திருக்கிறது. மதுரை – நாகர்கோவில் பாதை இரட்டைப் பாதையாகவும் மின்பாதையாகவும் மாறிவிட்டது. ஒற்றைப் பாதையில் ஒரு ரயில் போய்விட்டால் அடுத்தது வர நேரமாகும் என்று பழகிய கால்கள், ஒரு வண்டி கடந்ததும் யோசிக்காமல் அடுத்த தடத்தில் இறங்குகின்றன. டீசல் எஞ்சினின் இரைச்சலை தூரத்திலேயே கேட்டுப் பழகிய காதுக்கு மின் எஞ்சின் அருகில் வரும்வரை எட்டுவதில்லை. ஆடு மேய்ப்பவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் தினமும் கடக்கும் இடங்கள் எவை என்று ஊரில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அங்கெல்லாம் சுரங்கப்பாதை கேட்டு மனு கொடுத்தால், இதுவரை எத்தனை பேர் செத்தார்கள் என்ற கேள்விதான் முதலில் வரும்.

பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2017–18இல் பாதுகாப்புக்கென்றே ஒரு லட்சம் கோடி ரூபாய் இலக்கோடு தனி நிதியம் தொடங்கப்பட்டது. அந்த நிதியிலிருந்து கால் பிடித்துவிடும் கருவிகளும் பீங்கான் பாத்திரங்களும் வாங்கப்பட்டதை 2022இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சுட்டிக்காட்டியது. நான்கு ஆண்டுகளில் நடந்த 217 பெரிய விபத்துகளில் 163 தடம்புரள்வுகள் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. கால் வலி தண்டவாளத்தில் நடக்கும் டிராக்மேனுக்கு என்று நினைத்து வாங்கினார்களோ என்னவோ.

இப்போது எல்லாவற்றுக்கும் கவச் என்கிறார்கள். சிவப்பு விளக்கைத் தாண்டினாலோ வேகம் மீறினாலோ தானே பிரேக் போடும் அந்த உள்நாட்டு அமைப்பு, தண்டவாளத்தில் பதித்த அடையாளச் சில்லுகள், ரேடியோ கோபுரங்கள், எஞ்சினில் உள்ள கருவி ஆகிய மூன்றும் சேர்ந்து இயங்குவது. 2020இல் தேசிய அமைப்பாக ஏற்கப்பட்டது. வர வேண்டிய ஒன்றுதான், விரைவாகவும் வர வேண்டும். எனினும், பாகாநாகா பஜாரில் அது இருந்திருந்தாலும் விபத்தைத் தடுத்திருக்க முடியாது என்று ரயில்வே வாரியத் தரப்பே அப்போது சொன்னது. இடிந்த கரையையும் திறந்து கிடக்கும் சாதாரணக் கேட்டையும் அதனால் பார்க்க முடியாது.

நான் எதிர்பார்ப்பது இதைவிடச் செலவு குறைந்தது. ரயில்வே பாதுகாப்பு ஆணையம் ரயில்வேயின் கீழ் இல்லாமல் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருப்பதே அது சுதந்திரமாகப் பேச வேண்டும் என்பதற்காகத்தான். அப்படியிருந்தும் அதன் அறிக்கைகள் பெரும்பாலும் பத்திரிகையாளர் கைக்குக் கசிந்தால்தான் நமக்குத் தெரிகின்றன. பிரிட்டனில் 2005 முதல் இயங்கும் ரயில் விபத்து விசாரணைப் பிரிவு, ஒருவரும் காயப்படாத, மோதல் தவிர்ந்த சம்பவங்களையும் விசாரித்து முழு அறிக்கையையும் எவரும் படிக்கும்படி வெளியிடுகிறது. ஹொசதுர்கா கடிதம் அப்படி வெளியாகியிருந்தால், பாகாநாகா பஜாரில் வயரைக் கழற்றியவர் அதைப் படித்திருக்கக்கூடும். ஸ்ரீவைகுண்டத்தைப் பற்றியும் அப்படியொரு அறிக்கை வர வேண்டும்: தகவல் யாரிடமிருந்து எத்தனை மணிக்கு வந்தது, எந்தக் குளம் உடைந்தால் எந்த இடத்தில் கரை அரிக்கும், அடுத்த மழைக்கு முன் எங்கே நீர்வழியை அகலப்படுத்த வேண்டும் என்று.

அதுவரை நம்மால் ஆவது ஒன்று. தண்டவாளத்தில் விரிசலோ, சரிந்த கரையோ, விழுந்த மரமோ கண்டால் 139 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். பக்கத்தில் கேட் இருந்தால் கேட் கீப்பரிடம் ஓடிச் சொல்வது அதைவிட வேகம். இடத்தைச் சொல்லும்போது ஊர்ப் பெயரோடு நிற்க வேண்டாம். மின்பாதையில் ஒவ்வொரு கம்பத்திலும் கிலோமீட்டர் எண்ணும் அதன் கீழே கம்பத்தின் வரிசை எண்ணும் எழுதியிருக்கும். கேட் அறையில் கேட்டின் எண் இருக்கும். அந்த எண்ணைச் சொன்னால், கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்கு எந்த ரயிலை எந்த நிலையத்தில் நிறுத்த வேண்டும் என்பது உடனே விளங்கிவிடும்.